கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு: பதவியில் இருக்கும் மேயரை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. ரொறன்ரோ மேயர் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது என்கிறார்கள். இருக்கிற மேயரே மறுபடியும் நின்றால், அவர் ஒழுங்காகச் செய்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று: என் மாமா பக்கத்து நகரமான மார்க்கத்தில் வசிக்கிறார், கடை ஸ்காபரோவில். அவருக்கு இங்கே வாக்கு உண்டா?

பதில்: மாமாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 18 வயது நிறைந்த கனேடியக் குடிமக்கள் ரொறன்ரோவில் வசிக்காவிட்டாலும், இங்கே அவர்களுக்கோ அவர்களுடைய துணைக்கோ சொந்த இடமோ வாடகை இடமோ இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் அந்த இடம் ஆளின் பெயரில் இருக்க வேண்டும். கம்பனி பெயரில் எடுத்த கடை என்றால் அதை வைத்து வாக்குக் கேட்க முடியாது. அதனால் வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெயர் இருந்தால் மார்க்கத்தில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று என்று இரண்டு இடத்திலும் வாக்களிப்பது முற்றிலும் சட்டபூர்வமானது. இரண்டு நகரத்துக்கும் தேர்தல் ஒரே நாள்தான், 2026 ஒக்டோபர் 26.

சரி, மேயருக்கு வருவோம். கட்சிப் பெயர் இல்லை என்பதால் கட்சி மணமே இல்லை என்று நினைக்க வேண்டாம். இப்போதைய மேயர் ஒலிவியா சௌ முன்பு இடதுசாரிச் சாய்வுள்ள என்டிபி என்ற புதிய ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்கு முன் இருந்த ஜோன் ரோரி ஒன்ராறியோ முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் தலைவராக இருந்தவர். இது ஒரு ஆளின் பொதுவான சாய்வைச் சொல்லும், அவ்வளவுதான். நகரசபைக்குள் கட்சிக் கொறடா கிடையாது. மேயரையும் சேர்த்து 26 வாக்குகள். ஒவ்வொன்றையும் பேசித்தான் சேர்க்க வேண்டும்.

கட்சி அடையாளம் இல்லாத தேர்தலில் தெரிந்த பெயருக்குப் பெரிய பலம் உண்டு. ஆறு நகரசபைகளை 1998இல் ஒன்றாக்கிய பிறகு, பதவியில் இருந்தபடி மறுபடியும் மேயர் தேர்தலைச் சந்தித்த யாரும் தோற்றதில்லை. 2000இல் மெல் லாஸ்ட்மன், 2006இல் டேவிட் மில்லர், 2018இலும் 2022இலும் ரோரி என்று எல்லோரும் வென்றார்கள். இதனால்தான் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

வேலை என்று எதைப் பார்ப்பது? என் கணிப்பில் முதல் இடம் வரவு செலவுத் திட்டத்துக்கு. 2022இல் மாகாண அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு அதை முன்வைப்பது மேயரின் பொறுப்பு. சபை திருத்தினால் அவர் அதை மறுக்கலாம். மறுப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆகவே "சபை விடவில்லை" என்ற சாட்டு முன்புபோல் எடுபடாது. சொத்துவரி 2024இல் 9.5 வீதமும் 2025இல் 6.9 வீதமும் கூடியது. நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் அதன் சுமை ஏதோ ஒரு வழியில் உங்களிடம் வரும். ஆனால் வீதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. 2024 கணக்கைத் தொடங்கும்போதே சுமார் 180 கோடி டொலர் பற்றாக்குறை இருந்தது. கூடிய வரி எங்கே போனது, ரிரிசி என்ற நகரப் பொதுப் போக்குவரத்துக்கா, பொலிசுக்கா, நூலகத்துக்கா என்று பாருங்கள். வரியைக் குறைப்பேன் என்று எதிர்த்து நிற்பவரிடமும் எந்தச் சேவையை வெட்டுவீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, எது மேயரின் கையில் இருக்கிறது என்பது. ஸ்காபரோக்காரருக்கு இது மிக முக்கியம். பழைய ஸ்காபரோ ஆர்ரி ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம்புரண்டு, அத்தோடு நிரந்தரமாக மூடப்பட்டது. சௌ பதவியேற்றது அதே மாதம் 12ஆம் திகதி. அந்தப் பாதை பழுதாகிப்போனதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கெனடியிலிருந்து மக்கோவன் பக்கமாகத் தோண்டும் புதிய சுரங்க ரயில் பாதை மாகாணத்தின் மெட்ரோலிங்ஸ் கட்டுவது. அது தாமதமானால் கேள்வி மாகாண சட்டசபை இருக்கும் குயின்ஸ் பார்க்குக்குப் போக வேண்டும். ஆனால் பழைய தண்டவாளப் பாதையில் அமைக்கும் பஸ் வழி ரிரிசியின் வேலை. அது எவ்வளவு வேகமாக நடந்தது, அதுவரை உங்கள் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது என்று மேயரைத் தாராளமாகக் கேட்கலாம். பனி அள்ளுவது, பூங்காக்கள், கட்டட அனுமதி எல்லாம் நகரத்தின் பொறுப்பு. ஆஸ்பத்திரிக் காத்திருப்பும் வாகனக் காப்புறுதியும் அல்ல. வாசலுக்கு வரும் வேட்பாளர் இவற்றைச் சரிசெய்வதாகச் சொன்னால், எந்த அதிகாரத்தில் என்று கேளுங்கள்.

சபையில் யார் எதற்கு எப்படி வாக்களித்தார்கள் என்ற பதிவு நகரசபையின் இணையதளத்தில் இருக்கிறது. உங்களுக்கு முக்கியமான இரண்டு மூன்று விஷயங்களை எடுத்து, மேயரும் உங்கள் வட்டார உறுப்பினரும் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். அப்புறம் நன்கொடைப் பட்டியல். மேயர் வேட்பாளருக்கு ஒருவர் கூடியது 2,500 டொலர்தான் கொடுக்கலாம். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கொடுக்கவே முடியாது. 100 டொலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர்கள் வெளியிடப்படும். போன தேர்தலின் பட்டியலை இப்போதே பார்க்கலாம்.

இங்கே இரண்டாம் சுற்றுக் கிடையாது. கூடிய வாக்கு எடுத்தவர் மேயர், பாதிக்கு மேல் வேண்டும் என்றில்லை. 2023 இடைத்தேர்தலில் 102 பேர் நின்றார்கள். சௌ சுமார் 37 வீதத்தில் வென்றார். இருக்கிற மேயர் வேண்டாம் என்று நினைப்பவர்களின் வாக்கு நாலைந்து பேருக்குப் பிரிந்தால் அது மேயருக்குத்தான் வசதி. அவர் தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள், எப்படியும் வெல்வார் என்று வீட்டில் இருந்துவிட்டால் பலன் மறுபக்கத்துக்கு. நீங்கள் எந்தப் பக்கம் என்றாலும் கடைசி இரண்டு வாரம் களத்தில் உண்மையாகப் போட்டி யாருக்கு இடையில் என்று கவனியுங்கள்.

வாக்களிக்கப் போகும்போது பெயரும் ரொறன்ரோ முகவரியும் உள்ள அடையாளச் சான்று ஒன்று போதும், படம் தேவையில்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்குச்சாவடியிலேயே சேர்த்துக்கொள்வார்கள். வேலை நேரம் இடித்தால், வாக்களிப்பு நடக்கும் நேரத்துக்குள் தொடர்ந்து மூன்று மணித்தியாலம் உங்களுக்குக் கிடைக்கும்படி முதலாளி விட வேண்டும் என்பது சட்டம். அதை ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.