கேளுங்க தாத்தா! – இந்த வாரம் கரி வண்டி கேள்விகள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 78 வயசு. தினமும் போன்ல பழைய ஸ்டீம் என்ஜின் வீடியோ போட்டு ஃபுல் சவுண்ட்ல கேக்குறாரு. புகையும் தூசியும் தவிர அதுல அப்படி என்னதான் இருந்துச்சு? – ஒரு வாசகி, டண்டீ

பதில்: நானும் அதே கேஸ்தான்மா, என் வீட்லயும் இதே திட்டுதான் விழுது. நம்ம தென்னாப்பிரிக்கா நேட்டால்ல, கிளென்கோ – ஃப்ரைஹைட் ரயில் லைன்ல ஒரு நிலக்கரி ஊர்ல பொறந்தவன் நான், அப்பாவுக்கு லோக்கோ ஷெட்ல சாம்பல் குழி வேலை. ஓடி முடிச்சு வர்ற என்ஜினுக்கு அடுப்பைச் சுத்தம் பண்ணணும், கரிச் சாம்பல் உருகி அடிப்பிடிச்ச பொங்கல் மாதிரி கம்பியில ஒட்டிக்கிட்டு இருக்கும், கிளிங்கர்னு சொல்லுவாங்க, அதை ஆள் உயரத்துக்கு மேல நீளமான இரும்புக் கம்பியை விட்டு பேத்து கீழ தள்ளணும், மூஞ்சி வெந்துரும். அந்த கிளிங்கரைப் பாத்தே இன்னிக்கு கரி போட்டவன் வேலை தெரிஞ்சவனா, அள்ளிக் கொட்டினவனான்னு அப்பா சொல்லிருவாரு.

நைட் ஷிஃப்ட்னா குழி ஓரத்து சூட்டுச் சாம்பல்ல நாலு மடும்பியை (சேப்பங்கிழங்குதான்) புதைச்சு வெப்பாரு. காலையில அதை கோணித்துண்டுல சுத்தி கொண்டு வருவாரு பாருங்க, தோல் கருகி உள்ள மாவு மாதிரி இருக்கும், உப்பு மொளகாத்தூள் தொட்டு நாங்க அஞ்சு பேரும் அடிச்சுக்குவோம். லேசா கந்தக வாடை வேற வரும். இப்போ ஓவன்ல எப்படி சுட்டாலும் அந்த ருசி வரல (டாக்டர்கிட்ட சொல்லிராதீங்க).

அந்த லைன்ல ஓடினது ஜிஎல் காரட்னு ஒரு வகை ஸ்டீம் என்ஜின். 1929-30ல இங்கிலாந்து மான்செஸ்டர்ல பேயர் பீகாக்னு ஒரு கம்பெனி செஞ்சது, மொத்தமே 8 தான். முன்னால ஒரு செட் சக்கரம், பின்னால ஒரு செட், நடுவுல பாய்லர் தூளி கட்டின மாதிரி தொங்கும், அதனால அவ்ளோ பெரிய உருப்படி வளைவுல அழகா வளைஞ்சு போகும். 28 சக்கரம்! நாங்க வேலி ஓரம் நின்னு எண்ணுவோம், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தன் 26னு சொல்லி அடி வாங்குவான்.

ஆனா ஒண்ணு, டிரைவர் சீட்டும் ஃபயர்மேன் வேலையும் அப்போ வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான். அத்தனை வருஷம் அடுப்பு சுத்தம் பண்ண மனுஷன் அந்த என்ஜின்ல ஏறி ஒரு மைல் போனதில்ல. ஸ்டீம் போகப்போகுதுன்னு கேட்டப்போ, "நல்லதாப் போச்சுடா, முதுகு தப்பிச்சுது"ன்னாரு. ஏக்கமெல்லாம் வேலிக்கு வெளிய நின்ன எங்களுக்குத்தான்மா. உங்க வீட்டுக்காரர் வேலிக்கு எந்தப் பக்கம் நின்னாருன்னு கேட்டுப் பாருங்க, அப்படியே ஒரு ஹெட்ஃபோனும் வாங்கிக் குடுங்க.

கேள்வி: கரி வண்டி ஏன் தாத்தா சக் சக்னு கத்துது? – 9 வயசுப் பையன், சாட்ஸ்வொர்த்

பதில்: சிலிண்டர்ல பிஸ்டனைத் தள்ளி முடிச்ச ஆவி புகைபோக்கி வழியா புஸ்ஸுனு வெளிய போகும் ராஜா, அந்தச் சத்தம். ரெண்டு சிலிண்டர் என்ஜின்னா சக்கரம் ஒரு சுத்து சுத்த நாலு சக். போற போக்குல அது அடுப்புக்குள்ள காத்தை இழுத்து நெருப்பையும் ஊதி விடும், பாட்டி ஊதாங்குழல் வெச்சு ஊதுற மாதிரி. சக் சொல்லாத கரி வண்டியும் நம்ம நாட்டுல ஓடுச்சு தெரியுமா? கரூங்கிற வறண்ட பகுதியில தண்ணி கிடையாது, அதனால கிளாஸ் 25ன்னு 90 என்ஜின் செஞ்சாங்க, அதுல ஆவியை வெளிய விடாம ஃபேன் வெச்சு ஆற வெச்சு திரும்ப தண்ணியாக்கி பாய்லருக்கே அனுப்பிருவாங்க. அது விசில் அடிச்ச மாதிரி ஊய்ய்ய்னு போகும்.

கேள்வி: நம்ம ஆளுங்க வந்த கப்பல் முதல்லயா, ரயில் முதல்லயா? – வாசகர், டோங்காட்

பதில்: ரயில்தான், அஞ்சு மாசத்துல ஜெயிச்சிருச்சு. டர்பன்ல முதல் வண்டி 1860 ஜூன் 26, மெட்ராஸ்ல இருந்து ஒப்பந்தக் கூலியா நம்ம ஆளுங்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் வந்தது அதே வருஷம் நவம்பர் 16.

கேள்வி: கரண்டு ரயில் வந்தப்புறம் கரிக்கு வேலை போச்சா? – வாசகர், நியூகாசல்

பதில்: எங்க போச்சு! 1920கள்லயே கிளென்கோ – பீட்டர்மாரிட்ஸ்பர்க் மெயின் லைனுக்கு கரண்டு வந்துருச்சு, அந்தக் கரண்டுக்கு கொலென்ஸோ பவர் ஸ்டேஷன்ல எரிச்சதும் கரிதான். அடுப்பு இடம் மாறிச்சு, அவ்ளோதான்.

கேள்வி: பேரப்பிள்ளைங்களுக்கு ஒரு தடவை காட்டணும், எங்க கூட்டிட்டுப் போறது? – பாட்டி, ஃபீனிக்ஸ்

பதில்: அம்கேனி ஸ்டீம் ரயில்வேனு ஆர்வலர்கள் நடத்துறாங்க, க்ளூஃப்ல இருந்து இன்சாங்காவுக்கு. தினமும் கிடையாது, எந்த ஞாயித்துக்கிழமைன்னு முதல்ல விசாரிச்சுக்கோங்க. வெள்ளைச் சட்டை போட்டு விடாதீங்க, ஜன்னல்ல தலை நீட்டும்போது கண்ணுல கரித்துகள் விழுந்தா கசக்க விடாம தண்ணி ஊத்திக் கழுவி விடுங்க.