மகளை மூன்று ஆன்லைன் படிப்புகளில் சேர்க்கும் முன்

உங்கள் மகள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனாலும் "ஒரே துறையை வைத்துக்கொண்டு இனிமேல் பிழைக்க முடியாது" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்வதால், கோடிங், டேட்டா அனலிட்டிக்ஸ், நிதி மேலாண்மை என்று மூன்று ஆன்லைன் படிப்புகளில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒரு மின்சாரக் காரில் பேட்டரியின் வேதியியல், அதன் சூட்டைத் தணிக்கும் அமைப்பு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக்ஸ், எல்லாவற்றையும் கண்காணிக்கும் மென்பொருள் என நாலைந்து துறைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பேட்டரி செல் ஒரு நாட்டில், வடிவமைப்பு இன்னொரு நாட்டில், பாகங்களை இணைப்பது வேறொரு நாட்டில் என்பதும் சாதாரணமாகிவிட்டது. ஆனால் அந்தக் காரைச் செய்கிறவர்களில் யாருக்கும் இந்த எல்லாத் துறைகளிலும் புலமை கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துறை ஆழமாகத் தெரியும். பக்கத்துத் துறைக்காரர் சொல்வதைப் புரிந்துகொண்டு சரியான கேள்வி கேட்கும் அளவுக்கு மற்றவை தெரியும்.

பெரிய திட்டங்கள் எங்கே உடைகின்றன என்று பாருங்கள். 1999-இல் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்தது. வழிநடத்திய குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். இரண்டு பக்கமும் திறமைசாலிகள்தான். பயணத்தின்போதே கணக்கு இடிப்பதைச் சிலர் கவனித்தும் இருந்தார்கள். அந்தச் சந்தேகம் முறைப்படி எழுதப்பட்டு, உரியவர்களிடம் போய்ச் சேர்ந்து, தீர்க்கப்படவில்லை.

ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு நடந்தது உங்கள் மகளின் துறைக்கு இன்னும் நெருக்கமானது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு குழு, பிரான்சின் துலூஸில் ஒரு குழு. இரண்டும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. அலுமினிய வயர் வளைவது வேறு, தாமிர வயர் வளைவது வேறு. ஆனால் அந்த விவரம் ஒரு பதிப்பிலிருந்து மற்றதற்குச் சரியாகப் போகவில்லை. விமானத்தின் பாகங்களை இணைக்கும் நேரத்தில் பார்த்தால் வயர் கட்டுகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. 2006-இல் அடுத்தடுத்துத் தாமதங்களை அறிவிக்க வேண்டியதாயிற்று. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், மென்பொருள், இரண்டு நாடுகள்: கோளாறு இவை சந்திக்கும் இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தில் வேலை பார்க்கப் பழகுவதை வீடியோ பார்த்து வாங்கும் சான்றிதழ் சொல்லித்தராது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை, கணிதம் இவற்றில் அவர் பிடி தளரக் கூடாது. ஒரு குழுவில் மற்றவர்கள் அவரைத் தேடி வருவது இதற்காகத்தான்.

அடுத்ததுதான் முக்கியம். மூன்றாம் ஆண்டில், வேறு துறை மாணவர்களோடு சேர்ந்து ஒரு நிஜமான பொருளைச் செய்யட்டும். ஒரு செமஸ்டரில் அவசரமாக முடிக்காமல், இரண்டு செமஸ்டராவது நீடிக்கட்டும். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கியதிலிருந்தே மாணவர்கள் குழுவாக ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்ப்பதையே பாடமுறையாக வைத்திருக்கிறது. உங்கள் மகளின் கல்லூரியில் அப்படி இல்லையென்றால் மாணவர்களே பந்தயக் கார் செய்து போட்டியிடும் 'ஃபார்முலா ஸ்டூடண்ட்' போன்ற போட்டிக் குழுவில் சேரலாம். அங்கே காரைச் செய்து ஓட்டினால் மட்டும் போதாது. என்ன செலவானது என்று கணக்குக் காட்ட வேண்டும். இதை ஒரு தொழிலாக எப்படி நடத்தலாம் என்றும் நடுவர்கள் முன் பேச வேண்டும்.

அந்தக் குழுவில் யாரும் விரும்பாத ஒரு வேலையை உங்கள் மகள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு துறைகள் தொடும் இடத்தை எழுதிவைக்கும் வேலை அது. இந்தப் பாகம் எத்தனை டிகிரி சூடு வரை தாங்கும், சென்சார் எந்த அலகில் அளவு தரும், ஒருவர் மாற்றினால் யாருக்கு, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு பக்கம்தான் வரும். அதை எழுதும்போதுதான் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர் 'சின்ன மாற்றம்' என்று நினைப்பது தன் வடிவமைப்பையே புரட்டிப்போடும் என்று உங்கள் மகளுக்குத் தெரியவரும். சண்டை வரும், வரட்டும். "குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது எப்படித் தீர்த்தீர்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால் சொல்வதற்கு உண்மையான பதில் இருக்கும்.

வெளிநாட்டுக் குழுக்களோடு வேலை என்றதும் பலரும் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அதைவிட எழுத்துத் தெளிவுதான் அவசியம் என்பேன். பொறியியல் வரைபடத்தில் ஒரு பாகத்தின் பக்கத் தோற்றங்களை எந்தப் பக்கம் வரைவது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. அமெரிக்க வரைபடங்கள் பெரும்பாலும் மூன்றாம் கோண முறையில் இருக்கும், ஐரோப்பிய வரைபடங்கள் முதல் கோண முறையில். எந்த முறை என்று காட்டும் குறியீட்டைக் கவனிக்காவிட்டால் பாகம் இடம் வலமாக மாறிவிடும். 1,500 என்று எழுதினால் ஜெர்மானியர் அதை ஒன்றரை என்று படிப்பார். நீங்கள் காலையில் கேட்கும் கேள்விக்கு, அங்கே விடிந்த பிறகுதான் பதில் வரும். அதனால் ஒரே மின்னஞ்சலில் அலகு, தேதி, வரைபடத்தின் பதிப்பு எண், என்ன முடிவு வேண்டும் என எல்லாமே இருக்க வேண்டும். கல்லூரிக் குழுவிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நல்லது.

இன்னொன்று. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தம் 1989-இல் உருவானது. மகளின் படிப்புக்கு அதன்படியான தர அங்கீகாரம் இருக்கிறதா என்று இப்போதே கல்லூரியில் கேட்டு வையுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

அப்புறம் அந்த ஆன்லைன் படிப்புகள். புராஜெக்டுக்கு சென்சார் அளவுகளை அலச வேண்டிய கட்டம் வந்தால் அவரே பைத்தான் என்ற நிரல்மொழியையும் புள்ளியியலையும் தேடிப் போவார். அப்போது ஒன்றில் சேருங்கள், முழுதாக முடிப்பார். அதுவரை வாரம் ஒருமுறை, தன் குழு என்ன செய்கிறது என்பதை உங்களுக்குப் புரியும் சொற்களில் பத்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள். வேறு துறைக்காரரிடம் பேச அவருக்கு அதைவிட நல்ல பயிற்சி வீட்டில் கிடைக்காது. எந்தத் துறை நண்பர்களோடு என்ன செய்யப் போகிறார் என்பது முடிவானதும் எழுதுங்கள், எந்த விருப்பப் பாடம் எடுக்கலாம் என்று அதை வைத்துப் பார்ப்போம்.