வாங்குமுன் கேளுங்கள்: ஃபெரட் தீனியும் வீட்டுப் புகையும்

கேள்வி: கீரி போன்ற நீண்ட உடல்கொண்ட வளர்ப்புப் பிராணியான என் ஃபெரட்டுக்கு, அதன் படம் போட்ட உலர் தீனியைத்தான் தொடர்ந்து வாங்குகிறேன். ‘புரதம் நிறைந்தது’ என்று பையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இப்போது சிறுநீர்ப்பையில் கல் என்கிறார் கால்நடை மருத்துவர். தீனியை மாற்றச் சொல்கிறார். விற்றவரோ, “இது ஃபெரட்டுக்கென்றே தயாரித்தது” என்று சாதிக்கிறார். யாரை நம்புவது?

பதில்: மருத்துவரை. ஃபெரட் நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த முழு ஊனுண்ணி. அதன் குடல் குட்டையானது. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தானியத்தைச் செரிக்க அந்த வயிற்றில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. செடிப் புரதம் மிகுந்தால் சிறுநீரின் காரத்தன்மை ஏறி, கல் உருவாக வழி பிறக்கிறது. உங்கள் பையில் இருந்த புரதம் எதிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதை முன்பக்கம் சொல்லாது.

பையைத் திருப்புங்கள். மூலப்பொருள்களை எடை வரிசையில் அச்சிடுவது வழக்கம். இங்கேதான் எனக்கு நெடுநாள் ஆத்திரம். ‘மக்காச்சோளம்’, ‘மக்காச்சோள மாவு’, ‘மக்காச்சோளப் புரதம்’ என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதுவார்கள். மூன்றும் தனித்தனியே பின்னுக்குப் போக, இறைச்சி முதலிடத்துக்கு வந்துவிடும். அந்த முதலிடத்திலும் ஒரு சூது உண்டு: பச்சைக் கோழியிறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். காய்ச்சி உலர்த்திய பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மாவுச்சத்து எவ்வளவு என்பதைப் பல பைகளில் அச்சிடுவதே இல்லை. நீங்களே கணக்குப் போடலாம். புரதம் 30, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாதுக்கள்) 7 என்று இருந்தால் கூட்டுத்தொகை 63. நூறில் மிச்சம் 37. அத்தனையும் மாவுச்சத்து! இறைச்சி மட்டுமே தின்னப் பிறந்த பிராணிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவை விற்றுவிட்டு, பைக்கு மேலே அதன் படத்தையும் போடுகிறார்கள். புரதம் 35 சதவீதத்தை ஒட்டியும், அதில் பெரும்பகுதி இறைச்சியிலிருந்தும், கொழுப்பு 15 முதல் 20 சதவீதமும், நார் மூன்றுக்குக் கீழும் இருப்பதைத் தேடுங்கள். மாற்றும்போது பழைய தீனியோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஓரிரு வாரங்களில் மாற்றுங்கள். சிறு வயதில் பழகிய தீனியைத் தவிர வேறெதையும் ஃபெரட் எளிதில் ஏற்பதில்லை. பட்டினி போட்டுப் பணியவைக்க நினைத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். பையையும் ரசீதையும் எறியாதீர்கள். மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தயாரிப்பாளருக்கே புகார் அனுப்புங்கள். ஏமாற்றப்பட்டவர் நீங்கள், குற்ற உணர்ச்சி அவர்களுக்கு இருக்கட்டும்.

கேள்வி: நாய்த் தீனி மலிவு. அதையே ஃபெரட்டுக்கும் போடலாமா?

பதில்: கூடாது. புரதமும் கொழுப்பும் போதாது. டாரின் என்ற சத்தும் போதிய அளவில் இருக்குமென்று நம்ப முடியாது. அவசரத்துக்கு ஒரு வேளை என்றால் தரமான பூனைக்குட்டித் தீனி.

கேள்வி: ஃபெரட்டை விற்றவரே, “இது இல்லாமல் பழகாது” என்று உலர்பழமும் இனிப்புப் பசையும் சேர்த்து விற்றார். இப்போது அது வாயில் எச்சில் ஒழுக, வெறித்துப் பார்த்தபடி நிற்கிறது, பின்னங்கால் துவள்கிறது. கேட்டால், “விற்றதோடு என் பொறுப்பு முடிந்தது” என்கிறார்.

பதில்: படிக்கவே மனம் கொதிக்கிறது. இவை ரத்தச் சர்க்கரை சரிந்ததற்கான அறிகுறிகள். நடுவயதைத் தாண்டிய ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி அடிக்கடி வருகிறது. இனிப்பும் மாவும் மிகுந்த தீனிக்கு அதில் பங்குண்டு என்று பல மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள், நிறுவப்படவில்லை. இன்றே மருத்துவரிடம் போங்கள். மயங்கிவிட்டால் ஈறில் துளி தேன் தடவிக்கொண்டே போங்கள். அது வழித்துணைதான், மருந்தில்லை. உலர்திராட்சையை உடனே நிறுத்துங்கள். சாக்லேட், வெங்காயம், பூண்டு, பால் எதுவும் வேண்டாம். விற்றவர் சொன்னது ரசீதிலோ குறுஞ்செய்தியிலோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் புகாருக்கு அதுதான் பிடி.

கேள்வி: கூண்டு இருக்கும் அறையில்தான் புகைபிடிப்பேன். எந்தக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கினால் ஃபெரட்டுக்குப் பாதிப்பு வராது?

பதில்: எதுவும் இல்லை. என் வீட்டில் ஒருவர் புகைபிடித்த காலத்தில், “புகையே தங்காது” என்று அடித்துச் சொன்ன கடைக்காரரை நம்பி நானும் ஒன்றுக்குக் காசு அழுதேன். வெள்ளை வடிகட்டி தேநீர் நிறத்துக்கு மாறியது. திரைச்சீலையில் சாம்பல் வாடை அப்படியே இருந்தது. காரணம் எளியது. நல்ல வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். வாயுவை உறிஞ்ச வைக்கும் கரி அடுக்கும் சீக்கிரம் நிறைந்துபோகும். ஓசோன் உமிழும் கருவி என்றால் நுரையீரலுக்கு அதுவே கேடு.

பிறர் விடும் புகையில் ஆபத்தற்ற அளவு என்று ஒன்று கிடையாது என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை மனிதர்களுக்கே சொல்லிவிட்டது. ஃபெரட் நாளின் பெரும்பகுதி தூங்குகிறது, அதுவும் புகை படிந்த துணித் தொட்டிலில். ரோமத்தில் படிந்ததை நக்கி விழுங்குகிறது. புகைபிடிப்போர் வீட்டுப் பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2002இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. கருவிக்கு வைத்திருக்கும் பணத்தில் துணிகளை மாற்றுங்கள். வெளியே போய்ப் புகைத்து, கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். இதைச் செய்ய மனமில்லாதவர் ஃபெரட் வாங்கியிருக்கவே கூடாது.

கேள்வி: புகையின் கெடுதலை முறிக்கும் என்று, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் சத்தைச் சொட்டு மருந்தாக விற்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ஏன் என்று அறிய எந்தப் பிராணியைச் சோதித்தார்கள் தெரியுமா? ஃபெரட்டைத்தான், அந்தச் சத்தை நம் உடலைப்போலவே அதுவும் உறிஞ்சுகிறது. 1999இல் வந்த முடிவு: மிகுந்த அளவு பீட்டா கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்ந்தபோது, நுரையீரல் உயிரணுக்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தென்பட்டன. எந்தப் பிராணியிடம் கேடு தெரிந்ததோ, அதற்கே மருந்தென்று விற்கிறார்கள்! புட்டியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: மின்சிகரெட்டுக்கு மாறிவிட்டேன். இனிக் கவலையில்லையே?

பதில்: இருக்கிறது. அந்தத் திரவத்தில் நிகோடின் செறிவாக இருக்கிறது. ஒரு கிலோ எடைகொண்ட பிராணிக்குச் சிறிதளவே நஞ்சு. கண்டதையெல்லாம் திருடிப் பதுக்குவது ஃபெரட்டின் இயல்பு. புட்டியைப் பூட்டிவையுங்கள். கடித்திருந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.