ட்ரெட்மில்லா, வெளி நடையா? கேளுங்க, சொல்றேன்

நான் பிசியோதெரபிஸ்ட். நடை பத்தி என்ன வேணா கேளுங்க, மருந்து மாத்திரை மட்டும் உங்க டாக்டர்கிட்ட.

கேள்வி: எதுல கலோரி அதிகம் போகும்?

ஒரே வேகம், சமதளம்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ட்ரெட்மில்லோட கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுட்டு நடந்தா கணக்கே மாறிடும், உங்க எடையில ஒரு பங்கை கை தாங்கிடுது, ஸ்கிரீன்ல வர்ற நம்பருக்கு அது தெரியாது. கையை விடுங்க. விட்டா பயமா இருக்குன்னா வேகத்தைக் குறைங்க.

கேள்வி: ஒண்ணு எப்படி ஆகும்? ட்ரெட்மில்ல பெல்ட்டே காலைப் பின்னாடி இழுத்துடுது, நாம தள்ளவே வேண்டாமே.

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க, தப்பு. பெல்ட் ஒரே சீரான வேகத்துல ஓடுற வரைக்கும் உங்க காலுக்கு தரை நகருதா நீங்க நகருறீங்களான்னு வித்தியாசமே தெரியாது.

கேள்வி: ஒத்துக்க மாட்டேன். வெளிய உடம்பு ஊரைத் தாண்டிப் போகுது, இங்க நின்ன இடத்துலயே நிக்குது.

சரி, சீரா ஓடுற ரயிலுக்குள்ள, ரயில் போற திசைக்கு எதிரா, அதே வேகத்துல நடக்குறீங்கன்னு வச்சுக்கோங்க. வெளிய நிக்கிறவன் பார்த்தா நீங்க நின்ன இடத்துலயே நிக்கிறீங்க, அதுக்காக உங்க காலுக்கு வேலை குறைஞ்சுடுமா? நடையில செலவு எங்க ஆகுதுன்னா ஒவ்வொரு அடிக்கும் உடம்பைக் கொஞ்சம் தூக்கி இறக்குறதுல, காலை வீசுறதுல, விழாம தாங்குறதுல, இது எல்லாமே பெல்ட் மேலயும் அப்படியே இருக்கு.

கேள்வி: அப்போ இன்கிளைன், அதாவது பெல்ட்டை ஏத்தமா சாய்ச்சு வச்சாலும் நான் உயரத்துக்குப் போகலையே, அது மட்டும் எப்படி கஷ்டமா இருக்கு?

நல்ல கேள்வி, இதுலயே உங்க பதிலும் இருக்கு. பெல்ட் உங்களைக் கீழ இறக்கிட்டே இருக்கு, அதே இடத்துல நிக்கவே நீங்க மேல ஏறிட்டே இருக்கணும். மணிக்கு 5 கிலோமீட்டர்ல 5 சதவீதம் ஏத்தினா உடம்பு கேக்குற ஆக்சிஜன் ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும். உயரம் போகாததால வேலை இல்லைன்னா உங்களுக்கு மூச்சு வாங்கவே கூடாது.

கேள்வி: வெளி நடைக்குச் சமமா வரணும்னா 1 சதவீதம் இன்கிளைன் வைக்கணுமாமே?

அது ஓடுறவங்களுக்கு. 1996ல வந்த ஆய்வு, வேகமா ஓடும்போது வர்ற காத்துத் தடையை ஈடுகட்ட. நடைக்கு அந்தத் தடை ரொம்ப சொற்பம்.

கேள்வி: அப்போ வெளிய போறதுல லாபமே இல்லையா?

இருக்கு, ஆனா கலோரில இல்ல. திரும்புறது, மேடு பள்ளத்துல கணுக்கால் சுதாரிக்கிறது, இதெல்லாம் பெல்ட் கத்துத் தராது. முக்கியமா இறக்கம். இறங்கும்போது தொடை முன்தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது, படி இறங்க வேண்டியது அந்த பலம்தான், சாதாரண வீட்டு மிஷின்ல ஏத்தம் மட்டும்தான் வைக்க முடியும். அதனால மிஷின் வச்சிருக்கவங்களும் வாரத்துல ரெண்டு நாளாவது வெளிய போங்க.

கேள்வி: முட்டி வலி, எது நல்லது?

சமதளம், மெதுவா, எதுல வேணா. வீக்கம் இருந்தா, முட்டி மாட்டிக்கிற மாதிரி இருந்தா நடைக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

கேள்வி: தினம் 10,000 அடி கட்டாயமா?

இல்ல. 1965ல ஜப்பான்ல வித்த ஒரு அடி எண்ணுற கருவியோட பேருக்கே 10,000 அடி மீட்டர்னு அர்த்தம், நம்பர் அங்கிருந்து பரவுனது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரம் 150ல இருந்து 300 நிமிஷம், பேச முடியணும் பாட முடியக்கூடாது, அந்த வேகத்துல.

கேள்வி: கம்பியைப் பிடிச்சுட்டு 7ல நடக்குறேன், கலோரி நிறைய காட்டுதே?

முதல் பதிலைப் படிங்க. கையை விட்டுட்டு 5ல நடங்க.

கேள்வி: வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, மிஷின் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா நடந்து முடிச்ச உடனே சேஃப்டி கீயை, அதாவது கழட்டினா மிஷின் நின்னுடுற சாவியை, எடுத்து உயரத்துல வைங்க. ஓடுற பெல்ட்டுல பிஞ்சுக் கை பட்டா தோல் உரிஞ்சுடும், அடியில இழுத்துக்கவும் செய்யும். நீங்க நடக்குறப்போ குழந்தை அந்த ரூம்லயே வேண்டாம், பின்னாடி வந்து நின்னா உங்களுக்குத் தெரியாது. அந்த கீயோட கிளிப்பை உங்க சட்டையில மாட்டாம ஏறவும் ஏறாதீங்க.

கேள்வி: கலோரி எதுல அதிகம்?

மேல இருக்கு.

கேள்வி: இறங்கினதும் தலை சுத்துற மாதிரி இருக்கு, பயமா இருக்கு.

கால் நடந்துச்சு, கண்ணுக்கு முன்னாடி சுவரு நகரல, மூளை அதுக்குப் பழகிடுது, நின்னதும் கொஞ்ச நேரம் குழம்புது. கடைசி அஞ்சு நிமிஷம் வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்துங்க, இறங்குறப்போ மட்டும் கம்பியைப் பிடிச்சுக்கலாம். அப்படியும் விடலைன்னா இன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க, நெஞ்சுல இறுக்கமும் சேர்ந்து வந்தா காத்திருக்காம உடனே போங்க.