போரடிக்கட்டும், விடுங்கள்!

கேள்வி: என் நான்கு வயது மகன் போன் இல்லாமல் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை. விளையாடச் சொன்னால் 'போரடிக்குது' என்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், யாங்கோன்

பதில்: போரடிக்கட்டும் அம்மா. கொஞ்சம் பொறுத்தால், அதிலிருந்தே விளையாட்டு முளைக்கும். போன மழைக்காலத்தில் என் பேத்தியிடம் பழைய லுங்கி ஒன்றும் நாலு துணி கிளிப்பும் கொடுத்தேன். நாற்காலிகள் மேல் லுங்கியைக் கட்டி, மொஹிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) கடையே திறந்துவிட்டாள்! நூல்தான் நூடுல்ஸ், கொட்டாங்கச்சிதான் கிண்ணம். "முட்டை போடவா பாட்டி?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் மகனும் இப்படிக் கடை திறந்தால், நீங்களும் போய்ச் 'சாப்பிடுங்கள்'. ஆனால் கடை அவனுடையது, யோசனை சொல்லாதீர்கள்.

இந்த வயதில் திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. முதலில் சாப்பாட்டு வேளையில் நிறுத்துங்கள். சில நாள் அழுவான், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.