எழும்பி ஓடுற பழைய கார் எது? முன்சில்லு இழுவைக் கார்கள் பற்றிக் கேள்வி பதில்

ஆரையம்பதியில் 26 வருசமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். கையில் காசு மட்டு, தினமும் ஓட வேணும், அக்சிலேட்டரை மிதித்தால் சுறுக்காக எழும்பவும் வேணும், அப்படி ஒரு பழைய கார் சொல்லுங்கள் என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கல்லாற்றுத் தம்பி: அண்ணன், நான் தினமும் மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போய் வாறேன். பழைய விட்ஸ் 1.0 ஒண்டும் சுவிஃப்ட் 1.5 ஒண்டும் பார்த்திருக்கேன். விட்ஸ் மலிவு. எது எழும்பும்?

தம்பி, ஊருக்குள்ள 50, வெளியில 70. சட்டம் அவ்வளவுதான் விடுது. அதனால 140 ஓடுமா என்று பார்க்காதீங்க. 40இல போய்க்கொண்டிருக்கிற கார் எவ்வளவு கெதியா 70க்கு வருது என்று பாருங்க. களுவாஞ்சிக்குடி தாண்டி நெல்லு மூட்டை ஏத்தின மிசின் பெட்டிக்கு (ட்ராக்டர் இழுக்கிற பெட்டி) பின்னால மாட்டிக்கொண்டால், எதிரே பஸ் வாறதுக்குள்ள வெட்டி முன்னுக்குப் போகவேணும். அந்த நாலைஞ்சு செக்கன்தான் உங்களுக்குத் தேவையான வேகம்.

அதுக்குக் கணக்கு, ஒரு குதிரைவலுவுக்கு எத்தனை கிலோ சுமை என்பது. அந்தப் பழைய விட்ஸ் 1.0 ஏறத்தாழ 70 குதிரைவலு, நிறை 850 கிலோவுக்குக் கிட்ட. குதிரைக்குப் 12 கிலோ. சுவிஃப்ட் 1.5 ஏறத்தாழ 110 குதிரைவலு, நிறை 1,000 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். குதிரைக்குப் பத்துக் கிலோவும் வராது. நீங்க தனிய ஓடுறபோது ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலு பேர் ஏறி ஏசியும் போட்டால் விட்ஸ் மூச்சு வாங்கும், சுவிஃப்ட் வாங்காது. ரெண்டிலயும் எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குறது பெல்ட் இல்லை, டைமிங் செயின் என்கிறதால பெல்ட் மாத்துற செலவில்லை.

தனிய ஓடுறதென்றால் விட்ஸை மெனுவல் கியரில எடுங்க. மூன்றாம் கியரில இழுத்துப் பழகினால் அது போதும். மிச்சக் காசை ஷொக் அப்சோபருக்கும் டயருக்கும் வைங்க. குடும்பத்தோட ஓடுறதென்றால் சுவிஃப்ட். ஆனால் ஒன்று: நல்லாப் பராமரிச்ச விட்ஸ், அடிபட்ட சுவிஃப்டை எந்த நாளும் வெட்டும். நான் காரின் பெயரைப் பார்க்கிறது கடைசியாகத்தான்.

அக்கரைப்பற்று வாசகர்: இத்தனை காலமும் பின்சில்லு இழுக்கிற வேன்தான் ஓடினேன். முன்சில்லு இழுவை மணலுக்கும் வயல் பாதைக்கும் சரிவருமா?

வரும் நானா. எஞ்சினும் கியர்பெட்டியும் குறுக்கால முன்னுக்கே இருக்கிறதால அந்தப் பாரம் முழுக்க இழுக்கிற சில்லுக்கு மேல அழுத்தும். வெறும் காரோட ஈரமண்ணில முன்சில்லு பிடிச்சு இழுக்கும். பின்னுக்குப் போற நீட்டு ஷாஃப்டும் இல்லை, அதனால கார் பாரம் குறைவு, பெற்றோலும் மிச்சம்.

கஷ்டம் வாறது ஏத்தத்தில. செங்கலடி ரோட்டால பதுளைக்கு ஏறுறபோது டிக்கியில ரெண்டு அரிசி மூட்டையும் பின்சீற்றில மூன்று பேரும் இருந்தால், முன்பக்கம் இலேசாகிச் சில்லு சுத்தும். மெதுவா மிதிச்சு ஏத்துங்க. வளைவில வேகமாப் போனால் மூக்கு வெளியால தள்ளும். அப்ப ஸ்டியறிங்கை இன்னும் ஒடிக்காம அக்சிலேட்டரில இருந்து காலைத் தளர்த்தினால் திரும்பி வரும்.

ஏறாவூர் ஆசிரியை: தரகர் "ஒரே ஓனர், 65,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு" என்கிறார். நான் எப்படி நம்புறது?

மீற்றரைப் பார்க்காதீங்க டீச்சர். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியறிங் தோல், சாரதி சீற்றின் ஓரம், இந்த மூன்றும் பொய் சொல்லாது. ரப்பர் வழுக்கையாத் தேஞ்சிருந்தால் 65,000 இல்லை. நீங்க வாறதுக்கு முதல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேணாம் என்று சொல்லி வைங்க. போன உடனே பொனட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தால், குளிரில ஸ்டார்ட் பண்ணுறபோது வாற சத்தத்தையோ புகையையோ உங்களுக்கு மறைக்கிறாங்க.

பிறகு ஒரு வெற்று வளவுக்குக் கொண்டு போய் ஸ்டியறிங்கை முழுக்க ஒடிச்சு மெதுவா வட்டமடியுங்க. வலம், இடம், ரிவர்ஸ், மூன்றும். டக் டக் டக் என்று கேட்டால் சிவி ஜொயின்ட், அதாவது சில்லு திரும்புறபோதும் இழுவையைக் கொண்டு போற மூட்டு, போய்விட்டது. குனிஞ்சு முன்சில்லுக்கு உள்பக்கம் பாருங்க. கறுப்பு கிறீஸ் வட்டமாச் சிந்தியிருந்தால் ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கு. சத்தமில்லை, பூட் மட்டும் கிழிஞ்சதென்றால் சின்னச் செலவு. ஆனால் நம்ம கடற்கரை மணல் அந்தக் கிழிசலால உள்ள போச்சென்றால், கிறீஸோட சேர்ந்து ஜொயின்டை அரைச்சே முடிச்சிடும்.

ஒரு விசயம் நான் பட்டுத் தெரிஞ்சது. 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு என் மச்சானுக்கு ஒரு கார் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். எஞ்சின் பூப்போல, பெயின்ட் பளபளப்பு, கையெழுத்து வைக்கச் சொன்னேன். ஆறு மாசத்தில ஒவ்வொரு விளக்கா நிண்டுது. டேஷ்போட்டைக் கழட்டினால் வயர் முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. கார் வெள்ளத்தில நிண்டிருக்கு. வித்தவர் சொல்லயில்லை, நானும் தேடயில்லை. மச்சானின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு வருசம் கூசிச்சு. அன்றையில இருந்து எந்தக் கார் பார்த்தாலும் நான் முதல் செய்யிறது, சீற் பெல்ட்டைக் கடைசி நுனி வரைக்கும் இழுக்கிறது. மேல எவ்வளவு கழுவினாலும் உள்ளுக்குச் சுத்தியிருக்கிற கடைசி முழத்தில சேத்துக் கோடு நிக்கும். பிறகு டிக்கியில ஸ்பெயார் டயரைத் தூக்கி அடியில துரு பாருங்க.

காத்தான்குடி வாசகர்: ஹொண்டா ஃபிட், 2003 மொடல், நல்ல விலைக்கு வருது. எடுக்கிறபோது மட்டும் உதறுது.

அந்த மொடல் ஓட்டோ கியரில இது தெரிஞ்ச வருத்தம். உள்ளிருக்கிற ஸ்டார்ட் கிளச் பிடிக்கிறபோது உதறும். ஹொண்டாவுக்கென்றே உள்ள சிவிடி எண்ணெயை (அந்த ஓட்டோ கியர்பெட்டிக்கு ஊத்துறது) மாத்திப் பார்த்தால் சிலதுக்கு நிண்டுவிடும், சிலதுக்கு நிக்காது. விக்கிறவரை முதல் எண்ணெய் மாத்தச் சொல்லுங்க, நிண்டால் எடுங்க. 1.3 எஞ்சினுக்கு எட்டு பிளக் என்கிறதையும் செலவுக் கணக்கில சேருங்க.

கல்முனை மாணவர்: ஸ்டார்லட் கிளான்ஸா டேர்போ ஒண்டு பார்த்திருக்கேன். தினமும் கெம்பஸ் போக ஓடலாமா?

மகன், உங்கட வயசில எனக்கும் அந்த ஆசை இருந்தது. 1,331 சிசியில 135 குதிரைவலு, 900 கிலோவைக் கொஞ்சம் தாண்டின கார், பறக்கும். ஆனால் 1990கள்ள செய்த கார் அது. எத்தனை பேர் பூஸ்ட், அதாவது டேர்போ காத்து அமுக்கத்தை, கூட்டி அடிச்சாங்க என்று யாருக்கும் தெரியாது. 95 பெற்றோல்தான் ஊத்த வேணும். ரேடியேட்டரும் பழசென்றால் மத்தியான வெயிலில ட்ராஃபிக்கில நிண்டு சூடேறும். டேர்போ இல்லாத ஸ்டார்லட் 1.3 ஐ மெனுவலில எடுங்க. பாரம் குறைவு, நல்லா எழும்பும். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது என்று கேளுங்க. சரியான பதில் இல்லையென்றால் வாங்கின கிழமையே மாத்துங்க.

வாழைச்சேனை வாசகர்: ஹைபிரிட் எப்படி?

அக்வா ஓடலாம். மோட்டர் இருக்கிறதால நிண்ட இடத்திலிருந்து சுறுக்கா எடுக்கும். பின்சீற்றுக்குக் கீழ பெட்டரி, பக்கத்தில காத்து இழுக்கிற துவாரம். அது தூசியால அடைபட்டால் பெட்டரி சூடேறிச் சாகும், கழட்டித் துப்பரவாக்கிப் பாருங்க. 2013இல வந்த ஃபிட் ஹைபிரிட்டை இரட்டைக் கிளச் கியருக்காக ஜப்பானில பல தடவை மீள அழைச்சாங்க. அந்தத் திருத்தம் செய்ததா என்று தெரியாமல் தொடவேணாம்.

சம்மாந்துறை வாசகர்: ஓபன் பேப்பரில, அதாவது பதிவை என்ர பெயருக்கு மாத்தாமல் கையெழுத்து வைச்ச பேப்பரோட, மலிவாத் தாறாங்க.

வேணாம். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரைக்கும் கார் இறக்குமதி நிண்ட காலத்தில ஒரே கார் நாலு கை மாறிச்சு, பதிவுப் புத்தகத்தில பெயர் மட்டும் மாறயில்லை. புத்தகத்தில முழு உரிமையாளராக லீசிங் கம்பனி இருந்தால் அந்தக் கடனும் உங்கட தலையில வரும். பெயர் மாத்தித் தந்தால்தான் முழுக்காசும் குடுங்க.

கல்லடி வாசகர்: ரெண்டு புது டயர்தான் வாங்க முடியும். இழுக்கிறது முன்சில்லு, அப்ப முன்னுக்குத்தானே?

இல்லை, பின்னுக்கு. முன்டயர் வழுக்கினால் காலைத் தளர்த்த அடங்கும். மார்கழி மழையில பாலத்து வளைவில பின்டயர் வழுக்கினால் கார் அப்படியே சுத்தும், பிடிக்க ஏலாது. முன்டயர்தான் கெதியாத் தேயும், அதனால 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா முன்பின் மாத்திப் போடுங்க. கடையில காசு குடுக்க முதல் டயர்ப் பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தையும் வாசியுங்க. 1519 என்றிருந்தால் 2019ஆம் வருசம் 15ஆம் கிழமையில செய்தது. புதுசு என்று சொல்லித் தந்தாலும் அது பழசு, திருப்பிக் குடுங்க.