கணக்குக் கேட்ட சகோதரி

அன்புள்ள அக்கா,

எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஊழியம் என்றால் தாழ்மை என்று நம்பி, கூட்டத்துக்கு முன்பே போய்ப் பெருக்கி நாற்காலி போடுகிறேன். ஆனால் யாரையாவது கண்டித்தால் ‘பதவி வந்ததும் தலைகால் புரியவில்லை’ என்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் ஒருவரும் மதிப்பதில்லை. பாதிப் பேர் நேரத்துக்கு வருவதே இல்லை. முகாம் முடிந்த பிறகு ஒரு சகோதரி எல்லோர் முன்னிலையிலும் எழுந்து வரவு செலவு கேட்டார். மனசு உடைந்துபோனது. பதில் பேசாமல் தாழ்மையோடு பொறுத்துக்கொண்டேன். ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்களை, அதாவது தேவன் ஊழியத்துக்கு ஏற்படுத்தியவர்களைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியவில்லை, விடு’ என்று சபைப் பெரியவரான ஒரு மூப்பர் ஆறுதல் சொன்னார். தாழ்மையையும் அதிகாரத்தையும் எப்படித்தான் சமமாகக் கொண்டுபோவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

நாற்காலி போடுவது நல்லது, தொடர்ந்து போடுங்கள். நேரத்துக்கு வராதவர்களுக்காகக் காத்திருக்காமல் கூட்டத்தை ஆரம்பித்துவிடுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மத்தேயு 18-ல் இயேசு சொல்லித்தந்த முறை அதுதான். இவற்றைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை. நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வரியைத்தான். ‘பதில் பேசாமல் தாழ்மையோடு பொறுத்துக்கொண்டேன்.’

அது தாழ்மை இல்லை, தம்பி. உங்கள் மனசு புண்பட்டது உண்மை, அதை நான் லேசாக நினைக்கவில்லை. இரவு பகலாக உழைத்துவிட்டு வந்து நிற்கும்போது ‘பணம் எங்கே போனது’ என்று கேட்டால் யாருக்கும் வலிக்கும். நீங்கள் கைசுத்தமானவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்தச் சகோதரிக்கு அது எப்படித் தெரியும்? அவர் கேட்டது சபை கொடுத்த காசைப் பற்றி. நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றபோது, அவர்தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டதுபோல் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். உங்கள் மௌனம் அவரைத்தான் தண்டித்தது.

சில காலமாகவே இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், பெரிய வியாழன் ஆராதனையில் இடுப்பில் துண்டு கட்டி மற்றவர்களின் கால்களைக் கழுவும் போதகர், நிவாரண நிதியைப் பற்றி ஒரு விதவை கேட்டதற்கு அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கால் கழுவ முடிந்த மனிதரால் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் யோவான் 13-ஐயும் 14-ஐயும் முழுசாகப் படித்தால் இரண்டும் ஒரே இரவில் நடக்கின்றன. பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்று அறிந்துதான் இயேசு பந்தியிலிருந்து எழுந்து துண்டைக் கட்டுகிறார். கழுவி முடித்த பிறகு, ‘நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்கிறீர்கள், சொல்வது சரியே’ என்கிறார். அதிகாரத்தை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. நாம் எல்லோரும் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுகிறோம். அப்புறம் நடப்பதைப் பாருங்கள். ‘எங்கே போகிறீர்?’ என்று பேதுரு கேட்கிறார். போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்கிறார் தோமா. பிதாவைக் காட்டும், அது போதும் என்கிறார் பிலிப்பு. உம்மை உலகத்துக்கு வெளிப்படுத்தாமல் எங்களுக்கு மட்டும் ஏன் என்கிறார் யூதா, காட்டிக்கொடுத்த ஸ்காரியோத்து அல்லாத வேறு யூதா. மறுநாள் சிலுவை. அந்த நேரத்திலும் ஒருவரைக்கூட ‘உட்கார்’ என்று அவர் அடக்கவில்லை. பிலிப்புவிடம் கொஞ்சம் வருத்தப்பட்டார், ஆனால் பதில் சொன்னார்.

பேதுரு அதைக் கற்றுக்கொண்டார் என்பது அப்போஸ்தலர் 11-ல் தெரிகிறது. செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுவிட்டு எருசலேமுக்கு வருகிறார். அங்கே விசுவாசிகளே அவரைப் பிடித்துக்கொண்டு, அவர்களோடு எப்படிச் சாப்பிடலாம் என்று வாக்குவாதம் செய்கிறார்கள். பரலோகத்தின் திறவுகோலை இயேசு யாரிடம் கொடுத்தார் தெரியுமா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யோப்பாவில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று ஆரம்பித்து, நடந்ததை வரிசையாகச் சொல்கிறார். தன்னோடு வந்த ஆறு சகோதரர்களையும் சாட்சியாகக் காட்டுகிறார். அவர்கள் கேட்டு, அமைதியாகி, தேவனை மகிமைப்படுத்துகிறார்கள். பேதுருவின் அதிகாரம் அன்று குறைந்துபோனதா?

இப்போது அந்த மூப்பரின் ஆறுதலுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப்போவதில்லை. அவர் சொன்னது சங்கீதம் 105-ல் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு முந்தைய வசனங்களையும் படியுங்கள். அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொற்பப் பேர், பரதேசிகள், சொந்த நிலமில்லாமல் ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அலைந்தவர்கள். அவர்களை ஒடுக்க ஒருவருக்கும் இடம் கொடுக்காமல், ராஜாக்களைப் பார்த்துத் தேவன் சொல்கிறார், இவர்களைத் தொடாதீர்கள் என்று. பலசாலியிடமிருந்து பலவீனரைக் காக்கச் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்து, மைக் கையில் இருப்பவர், மைக் இல்லாத ஒரு பெண்ணின் மேல் பிரயோகிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா குகையில் சிக்கியபோதும், அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று அவர்மேல் தாவீது கைபோடவில்லையே என்பார்கள். போடவில்லைதான். ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ராஜாவின் முகத்துக்கு நேராகவே நியாயம் கேட்டார். கர்த்தர் நமக்கு நடுநின்று விசாரிக்கட்டும் என்றார். கொல்லாமல் விட்டதும் அவர்தான், கேட்காமல் விடாததும் அவர்தான். தீர்க்கதரிசி சாமுவேலைப் பாருங்கள். வயதான காலத்தில் இஸ்ரவேலர் எல்லோர் முன்பாகவும், புதிதாக அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜாவின் முன்பாகவும் தானே நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்கிறார். அவருடைய பிள்ளைகள் பரிதானம் வாங்கியவர்கள் என்று ஊருக்கே தெரியும். அந்தச் சூழ்நிலையில்தான் அவர் அப்படி நின்றார்.

நான் சிறுமியாக இருந்த சபையில் பொருளாளர் ஒரு பெரியவர். ஆராதனை முடிந்ததும் பிரசங்க மேடையில் ஏறாமல் கீழேயே நின்று, சிவப்பு அட்டை போட்ட பேரேட்டை விரித்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார். வாசித்துவிட்டு மூடமாட்டார். ‘கேளுங்க’ என்று நிற்பார். ஒருமுறை நான் எழுந்து, மெழுகுவர்த்திக்கு ஏன் இந்த மாதம் கூடுதல் என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ரசீதோடு வந்து, என் பக்கத்தில் குனிந்து, நகம் உடைந்த விரலை அந்த வரியின்மேல் வைத்து, துக்க ஆராதனைகள் அதிகம் நடந்த மாதம் அது என்று விளக்கினார். அவர் சொல்லை அந்தச் சபையில் யாரும் தட்டியதில்லை.

பவுலும் இப்படித்தான். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோக, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் கூட்டிக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-ல் எழுதுகிறார். ‘கர்த்தருக்குத் தெரியும்’ என்று சொல்லித் தப்பிக்க அவர் பார்க்கவில்லை.

எனவே இந்த வாரமே முகாம் பில்களை எடுத்து வரிசைப்படுத்துங்கள். தொலைந்த பில் இருந்தால் தொலைந்தது என்றே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் முதலில் அந்தச் சகோதரியைப் போய்ப் பாருங்கள். கணக்கைக் கொடுத்து, அன்று பதில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அதே கணக்கை எல்லோர் முன்பாகவும் வாசியுங்கள். அடுத்த முகாமுக்குக் கணக்குப் பார்க்க அவரையே கேட்டுப் பாருங்கள், சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா